சமையலறை ஜன்னலில் நாலு துண்டு

“மெதுவாடா. மாமா எந்திரிச்சார்னா உனக்கும் விழும், எனக்கும் விழும்.”

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். உளியின் முனையில் துணியைச் சுற்றி, ஜன்னல் சட்டத்துக்கும் அதன்மேல் ஆணியடித்திருந்த மெல்லிய மரப்பட்டைக்கும் நடுவே நுழைத்துக் கையாலேயே நெம்பினான். பட்டை முனகியது. அடுத்த அறையில் குறட்டை ஒரு கணம் நின்றது. பிறகு மேடேறும் லாரி மாதிரி வேறு கியரில் தொடங்கியது. இருவரும் பிடித்திருந்த மூச்சை விட்டார்கள்.

“கண்ணாடில ஒரு கீறல்கூட இல்ல. எதுக்குடா கழட்டுற?” என்று அக்கா கிசுகிசுத்தாள்.

“அடியில வெச்ச சக்கை சரியில்லக்கா. அன்னிக்கு அவசரத்துல வெச்சது.”

“ஒரு வருஷமா சரியாத்தானே இருந்துச்சு?”

“அதான் மாத்திடலாம்னு.”

“ஒரு வருஷமா வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்காத தொரை, காலங்காத்தால சக்கை மாத்த வந்திருக்காரு. நான் நம்பிட்டேன்.”

அவன் இரண்டாவது பட்டைக்கு நகர்ந்தான். மாமாவுக்குக் கிடங்கில் இராக்காவல். விடிந்து வந்து படுத்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார். எழுப்பினால் மனிதர் மனிதராக இருக்க மாட்டார். அதனால் அந்த வீட்டில் காலை நேரத்துச் சண்டைகள் எல்லாம் கிசுகிசுப்பில்தான் நடக்கும். அக்காவுக்கு அது பெரிய தண்டனை. நீச்சல்குளத்து வாசலில் டிக்கெட் கிழிப்பவள் அவள். குளத்தின் மறுகோடியில் ஓடுகிறவனை இங்கிருந்தே ஒரு சத்தத்தில் நிறுத்துகிற தொண்டை.

அவன் வேலை செய்வது ஒரு கண்ணாடிக் கடையில். மேஜைக்கு, அலமாரிக்கு, ஜன்னலுக்கு, சலூன் சுவருக்கு என்று அளவெடுத்து, அறுத்து, கொண்டுபோய்ப் பொருத்துவான். கடையில் எல்லோருக்கும் அவன் ‘கண்ணாடி’. அவன் வாயில் தடையில்லாமல் வருகிற பேச்சு ஒன்றுதான். ‘விடுங்க, பாத்துக்கலாம்.’ யாராவது சில்லறை இல்லை என்றாலும் அதுதான், காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் அதுதான். இப்படிப்பட்டவன் கையில் கிரெடிட் கார்டு கிடைத்தால் என்ன ஆகும்?

முதல் கார்டை அவன் இரக்கப்பட்டு வாங்கினான். மார்க்கெட் வாசலில் மடக்கு மேஜை போட்டு ஒரு பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. பாவமாக இருந்தது, போட்டான். ஒரு பையும் இலவசமாகத் தந்தார்கள். முதல் கார்டு நிரம்பியதால் இரண்டாவது வந்தது. இரண்டாவதற்குக் கட்ட மூன்றாவது.

மூன்றிலும் சேர்த்து அவன் தனக்கென்று வாங்கியது ஒரு ஜோடி பூட்ஸ். அதுவும் கடித்தது. மற்றதெல்லாம் ஊருக்கு. எதிர் சலூன்காரருக்கு மேலே கீழே போகிற நாற்காலி. முதலாளியின் அக்கா மகனுக்கு போன். மாடி வீட்டுக்காரருக்குக் கட்டில். அக்காவுக்கு பிரிட்ஜ். மாதாமாதம் கையில் தந்துவிடுகிறோம் என்றார்கள், முதலில் தரவும் செய்தார்கள். பிறகு ஒரு மாதம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, “இந்த மாசம் கொஞ்சம் கஷ்டம்” என்றார்கள். அவன் தன் பேச்சைப் பேசினான். கேட்டவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள்.

விஷயம் மனைவிக்குத் தெரிந்தது போன் மணியால். மணி அடித்தால் மனிதர் வெளுத்துப்போகிறார், பாத்ரூமுக்குள் போய் நின்றுகொள்கிறார். வேறு பெண்ணாக இருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்பாள். அவள் மருந்துக்கடையில் சீட்டு வாங்கி மருந்து எடுத்துக் கொடுப்பவள். அறிகுறிகளை வைத்து முடிவுக்கு வர அவளுக்குத் தெரியும்.

“எடுங்க,” என்றாள்.

“எத?”

“ஒளிச்சு வெச்சிருக்கிறத.”

அவன் மெத்தைக்கு அடியிலிருந்து பில்களை எடுத்துக் கொடுத்தான். தரையில் பரப்பிவைத்து, டாக்டர் கையெழுத்தைப் படிக்கிற பொறுமையோடு ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“குறைந்தபட்சத் தொகைன்னு இருக்கே, அத மட்டுமா கட்டிட்டு வந்தீங்க?”

“ஆமா. அவங்களே அவ்வளவு போதும்னு போட்டிருந்தாங்க.”

“போதும்னு எங்க போட்டிருக்கு? இது வட்டிக்கே காணாது. இப்படிக் கட்டினா நாம செத்தப்புறமும் கட்டிக்கிட்டே இருக்கணும்.”

“செத்தப்புறம் எப்படிக் கட்டுறது?”

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனிமே ஒளிக்கக் கூடாது. ஒரு பைசா விஷயம்னாலும் அன்னிக்கே சொல்லிடணும். மத்தத நான் பாத்துக்கறேன்,” என்றாள்.

அவள் போட்ட திட்டம் எளிமையானது. மூன்று கார்டுகளையும் பிடுங்கி ஒரு காலி மருந்து டப்பாவில் போட்டு, ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று லேபிள் ஒட்டி அலமாரி உச்சியில் வைத்தாள். மூன்றில் சின்னக் கடனை முதலில் அடிப்பது, மற்ற இரண்டுக்கும் குறைந்தபட்சம். சின்னது முடிந்ததும் அதற்குக் கட்டிய பணம் முழுவதும் அடுத்ததன் தலையில். அதுவும் முடிந்தால் எல்லாம் சேர்ந்து கடைசிக்கு. வட்டி அதிகமானதை முதலில் அடித்தால்தான் லாபம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தன் புருஷனையும் தெரியும். ஒன்று முடிந்ததைக் கண்ணால் பார்த்தால்தான் அடுத்ததைத் தொடுவான்.

பைக்கை விற்றார்கள். அவன் பஸ்ஸில் போனான். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வேலை பிடித்தான். உடைந்த ஜன்னல், ஆடுகிற அலமாரிக் கதவு, எதுவானாலும். பேங்குக்கு போன் போட்டு வட்டியைக் குறைக்கக் கேட்க வேண்டும் என்று ஒருநாள் அவனை நாற்காலியில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். அவள்தான் பேங்கு.

“சொல்லுங்க சார், என்ன வேணும்?”

“ஒண்ணும் வேண்டாங்க மேடம்.”

“அப்புறம் எதுக்கு போன் பண்ணினீங்க?”

“தொந்தரவுக்கு மன்னிச்சிடுங்க.”

“போன வெச்சிட்டீங்களா? வட்டியக் கொறைங்கன்னு எப்பக் கேக்கப் போறீங்க?”

ஏழெட்டு முறை பேங்காக உட்கார்ந்து அவள் களைத்துப்போனாள். கடைசியில் நிஜப் பேங்கில் பேசியபோது அவன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். அந்தப் பக்கம் இருந்தவர் பயந்துபோய் கொஞ்சம் குறைத்தே விட்டார்.

வசூலுக்கும் அனுப்பினாள். முதலாளியின் அக்கா மகன், “அண்ணே, அந்த போனே தொலஞ்சுபோச்சுண்ணே,” என்று அந்த போனிலிருந்தே பேசினான். கட்டில்காரர் கட்டிலோடு வீடு மாறிப் போயிருந்தார். சலூன்காரர் மட்டும் நாணயஸ்தர். கையில் பணம் இல்லை, முடியாகக் கழித்துக்கொள்ளச் சொன்னார். அதிலிருந்து அவன் தலையில் முடி வளர அவகாசமே கிடைக்கவில்லை. அவன் கடையைக் கடந்து போகும்போதெல்லாம் சலூன்காரர் வாசலுக்கு வந்து துண்டை உதறுவார்.

“அண்ணிகிட்ட பிரிட்ஜ் பாக்கி கேட்டீங்களா?” என்று மனைவி ஒருமுறைதான் கேட்டாள்.

“அக்காவ விடு.”

அவள் விட்டாள். அம்மா வேலைக்குப் போன வருஷங்களில் அவனுக்குச் சோறு ஊட்டி, தலைவாரி, அவனை அடித்தவனைத் திருப்பி அடித்து வளர்த்தவள் அந்த அக்கா. அது மனைவிக்கும் தெரியும்.

முதல் கார்டு முடிந்த அன்று மாலை இருவரும் மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். அவள் கத்தரிக்கோலை எடுத்துக் கார்டை நாலு கீற்றாக வெட்டினாள். பழைய பில்களை அவன் சுக்குநூறாகக் கிழித்தான். புதுக் கடன் வேண்டுமா, வேண்டுமா என்று நாள் முழுக்க வருகிற அழைப்புகளிலிருந்து தப்பிக்க, போன் நம்பரையும் மாற்றினார்கள். மற்ற இரண்டு பேங்குக்கும் புது நம்பரைச் சொன்னார்கள். முடிந்துபோன கார்டுக்கு எதற்குச் சொல்வது? அவன் நாலு கீற்றுகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பஸ்ஸில் போகும்போது அவ்வப்போது தொட்டுப் பார்த்தான். பல்லைப் பிடுங்கியவன் நாக்கால் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பதுபோல.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா கூப்பிட்டனுப்பினாள். காற்றில் அறைந்து அவள் சமையலறை ஜன்னல் கண்ணாடி நொறுங்கியிருந்தது. அவன் புதுக் கண்ணாடி அறுத்து எடுத்துப்போனான். கண்ணாடியை நேராக மரத்தின்மேல் உட்கார வைத்தால் மரம் உப்பும்போது விரிசல் விட்டுவிடும். அடியில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று என்று மெல்லிய துண்டு கொடுக்க வேண்டும். அதைத்தான் சக்கை என்பார்கள். சக்கைப் பொட்டலத்தைக் கடையில் மறந்துவிட்டு வந்திருந்தான். சட்டைப் பைக்குள் கை போயிற்று. கனம், அகலம் எல்லாம் கச்சிதம். ஒன்று மட்டும் கொஞ்சம் அகலமாக இருந்தது, ஓரத்தை நறுக்கிவிட்டான். நாலையும் வைத்துக் கண்ணாடியை ஏற்றி, பட்டை அடித்து மூடினான். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவனுக்கே கொஞ்சம் பெருமை.

அக்கா டீ கொடுத்தாள். கொடுத்துவிட்டு, “துணி தொவைக்கிற மெஷின் ஒண்ணு விலை பாத்து வெச்சிருக்கேன்டா. உன் கார்டுல தேய்ச்சுக் குடு. மாசா மாசம் தந்துடறேன்,” என்றாள்.

மாட்டேன் என்று அவன் அவளிடம் அதுவரை சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தபடி, “கார்டு இல்லக்கா. வெட்டிட்டேன்,” என்றான்.

“உங்கிட்டயா கார்டு இல்ல? ஊருக்கெல்லாம் தேய்ச்சவனாச்சே. அக்கா கேட்டாத்தான் வெட்டியாச்சா? யார் சொல்லிக் குடுத்தா, அவளா?”

வெட்டிட்டேன் என்றதில் பாதிதான் உண்மை. டப்பாவில் இன்னும் இரண்டு இருந்தன. அதனால் அவனால் நிமிர்ந்து பேச முடியவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அதற்குப் பிறகு அக்கா கூப்பிடவில்லை. அவனும் போகவில்லை. போனால் மறுபடி கேட்பாள், கேட்டால் சரியென்றுவிடுவோம் என்று பயந்தான். மனைவியிடம் இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இது பண விஷயம் இல்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இரண்டாவது கார்டும் முடிந்தது; தேதியும் முடிந்துபோனதால் பேங்கே அதை ரத்து செய்துவிட்டது. மூன்றாவதற்குக் கடைசித் தவணை மட்டும் பாக்கி. அந்தப் பணத்தை அவள் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். மாதக் கடைசியில் கட்டினால் தலைமுழுகிவிடலாம்.

அப்போதுதான் கடை போன் அடித்தது. முதலாளி எடுத்துக் கொஞ்ச நேரம் போராடிவிட்டு, “கண்ணாடி, உனக்குத்தான். யாரோ ஒரு பொம்பள. நான் பேசப் பேச அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறா,” என்று நீட்டினார்.

பேசியது இயந்திரம். முதல் கார்டுக் கம்பெனியின் இயந்திரம், விண்ணப்பத்தில் அவன் எழுதிக் கொடுத்திருந்த கடை நம்பருக்கு. வருடக் கட்டணம் பாக்கி, அதற்குத் தாமதக் கட்டணம், இரண்டுக்கும் சேர்த்து வட்டி, உடனே தொடர்பு கொள்ளவும். அவன் அந்த எண்ணுக்கு போன் போட்டான். ‘உங்கள் அட்டையின் பதினாறு இலக்க எண்ணை அழுத்தவும்’ என்றது. எண் இல்லை என்று சொன்னான். மறுபடியும் அழுத்தச் சொன்னது. அந்தக் கம்பெனிக்கு ஊரில் கிளை கிடையாது. எல்லாம் போனில்தான். பதினாறு இலக்கம் இல்லாமல் மனிதக் குரல் வராது. கடைசியில் நன்றி சொல்லித் துண்டித்துவிட்டது.

அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். சட்டையைக் கழற்றும் முன்பே சொன்னான்.

“நாமதான் வெட்டிட்டோமே?” என்றாள் மனைவி.

“வெட்டினா செத்துடும்னு நெனச்சோம். கம்பெனில சொல்லி மூடச் சொல்லியிருக்கணும்னு முதலாளி சொல்றாரு. பழைய நம்பருக்கு மெசேஜ் அனுப்பிட்டே இருந்திருப்பாங்க.”

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். “நான்தானே வெட்டினேன். மருந்துச் சீட்டக் கிழிச்சா நோவு போயிடுமான்னு கடைல நாள்பூரா கேக்குறவ நான்.” எழுந்து மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். “உடனே மூடலன்னா அடுத்த மாசம் இன்னும் ஏறும். எடுத்து வெச்சதையும் தின்னுடும். நம்பர் எங்கயாவது இருக்கா? பில்லு?”

“கிழிச்சிட்டேனே.”

“வெட்டின துண்டு?”

“இருக்கு.”

“எங்க?”

“அக்கா வீட்டு ஜன்னல்ல.”

அவள் முழுக்கதையையும் கேட்டாள். டீயை வைத்துவிட்டு வந்தது வரை. கேட்டு முடித்து, “இதுக்குத்தான் ஒரு வருஷமா அண்ணி வீட்டுக்குப் போகாம இருந்தீங்களா? நான் என்னமோ சண்டை என்னாலன்னு நெனச்சு வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கேன்,” என்றாள்.

“மறுபடி மெஷின் கேட்டா?”

“மூணாவது கார்டுல இப்ப எடமும் இருக்கு,” என்றாள் அவள், அவன் நினைத்ததையே. “மாட்டேன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? உங்க வாய். நீங்கதான் சொல்லணும்.”

இப்போது நாலாவது பட்டையும் வந்துவிட்டது. அவன் கண்ணாடியின்மேல் டேப்பை மடித்து இரண்டு பிடிகள் ஒட்டி, மெல்ல முன்னால் சாய்த்து எடுத்தான். சுவரோரம் சாய்த்து வைத்தான். சட்டத்தின் அடியிலும் பக்கங்களிலும் தூசிக்கு நடுவே நாலு கீற்றுகளும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஒன்றில் நீலம், ஒன்றில் வெள்ளிப் பட்டை, எல்லாவற்றிலும் புடைத்த எண்கள்.

அக்கா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “என்னடா அது?”

“கார்டு.”

“என்ன கார்டு?”

“வெட்டிட்டேன்னு சொன்னேனே. அது.”

அவள் கையை நீட்டி ஒரு கீற்றை எடுத்தாள். புடவைத் தலைப்பில் துடைத்தாள். அவன் பெயரின் கடைசி இரண்டு எழுத்து அதில் இருந்தது. ஜன்னலைப் பார்த்தாள், கீற்றைப் பார்த்தாள்.

“இத நீ எப்ப வெச்ச?”

“அன்னிக்குத்தான். கண்ணாடி போட்டப்ப.”

“அப்ப நான் மெஷின் கேட்டப்ப இது உள்ளதான் இருந்துச்சா?”

“ஆமா.”

“நெஜமாவே வெட்டியிருந்தியா?”

“இது ஒண்ணுதான்க்கா வெட்டினது. வீட்ல இன்னும் ரெண்டு இருந்துச்சு. அதையும் மறைக்கக் கூடாதில்ல.”

“ஏன்டா மடையா, அப்பவே இந்த ஜன்னலக் காட்டியிருந்தா என்ன? ஒரு வருஷமா இந்த ஜன்னலுக்கு முன்னாடி நின்னு பாத்திரம் வெளக்கிக்கிட்டே உன்னத் திட்டியிருக்கேன். பொய் சொல்லிட்டான், எங்கிட்டயே பொய் சொல்லிட்டான்னு.” கிசுகிசுப்பு கரகரத்தது. “எந்திரிச்சுப் போனியே, அந்த டீயக் குடிச்சிட்டாவது போயிருக்கலாம்.”

அவன் நாலு கீற்றையும் சமையல் மேடையில் வரிசையாக வைத்தான். கார்டு எதற்கு வேண்டியிருக்கிறது என்பதைச் சொன்னான். அக்கா மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்தாள். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, அவன் அழுத்தினான். அன்றைக்கு ஓரத்தை நறுக்கிய துண்டில் ஒரு எண்ணுக்கு இடது பாதி இல்லை.

“எட்டு,” என்றாள் அக்கா.

“மூணுக்கா.”

“எட்டுடா.”

“எனக்குத் தெரியாதா? என் கார்டு.”

மூன்றை அழுத்தினான். எண் தவறு என்றது இயந்திரம். அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள், அவ்வளவுதான். எட்டை அழுத்தியதும் சங்கீதம் போட்டது. சங்கீதம் முடிந்து ஓர் ஆளே வந்தார், பெண் குரல். அடுத்த அறைக் குறட்டை கலையாதபடி தாழ்ந்த குரலில் அவன் பேசத் தொடங்கினான்.

“சார், உங்க வாய்ஸ் சரியாக் கேக்கல.”

“இங்க ஒருத்தர் தூங்குறாருங்க.”

ஒத்திகை வீண்போகவில்லை. கார்டை ஒரு வருஷமாகப் பயன்படுத்தவே இல்லை, மூட வேண்டும், தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் எடுத்துவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். அந்தப் பெண் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, வருடக் கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும், மூடிவிடலாம் என்றாள். பிறகு குரலில் தேன் ஊறியது. “சார், நீங்க எங்களோட பழைய கஸ்டமர். மூடாம வெச்சிருந்தா லிமிட்ட ரெண்டு மடங்காக்கித் தர்றோம்.”

“வேண்டாம்மா.”

“முதல் வருஷம் கட்டணம் கிடையாது. வீட்டுக்குத் தேவையான பிரிட்ஜ், வாஷிங் மெஷின்...”

அவன் அக்காவைப் பார்த்தான். போன் அவர்கள் இருவருக்கும் நடுவே மேடையில் இருந்தது. அவளுக்கும் கேட்டது. மூலையில் பெரிய பாத்திரத்தில் துணி ஊறிக்கொண்டிருந்தது. அவள் விரல்களின் நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது. நாக்கு நுனியில் ‘சரி’ வந்து நின்றுவிட்டதை அவன் உணர்ந்தான்.

“இல்லம்மா. எதுவும் வேண்டாம். மூடிடுங்க,” என்றான்.

“ஒருமுறை யோசிச்சு...”

“யோசிச்சாச்சு.”

மூடச் சொன்னதற்கான பதிவு எண்ணை அந்தப் பெண் சொன்னாள். அக்கா காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். அவன் போனை வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், “அக்கா, இன்னொரு கார்டு இருக்கு. அதுலயும் என்னால தேய்க்க முடியாதுக்கா. மாசக் கடைசியில முடியுது. முடிச்சிட்டு இதே மாதிரி மூடிடுவோம்,” என்றான்.

“நான் இப்பக் கேட்டனாடா?”

“கேட்டுடுவியோன்னு பயமா இருந்துச்சு.”

“இதுக்கா ஒரு வருஷம்?” என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். தலையில் முடி இல்லாததால் சத்தம் நன்றாகக் கேட்டது. இருவரும் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். குறட்டை ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அடுப்பைப் பற்ற வைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே, “பிரிட்ஜுல எவ்வளவு பாக்கி?” என்று கேட்டாள்.

“விடு...”

“இந்தப் பேச்சுதான்டா. இந்த மாசம் கஷ்டம்னு நான் வந்து நின்னப்ப நீதான் விடுக்கான்னே. சரி, தம்பி எனக்கு வாங்கிக் குடுத்ததா இருக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். கட்டணும்னு நீ சொல்லவே இல்லியே. உன் தலையில ஏறிக்கிட்டு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அது நியாயம்தான். ஊரிலிருந்த ஒவ்வொருவருக்கும் அவனே தன் வாயால் கொடுத்த விடுதலை அது. அவன் சட்டத்திலிருந்த தூசியை விரலால் வழித்தான். கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுச் சுவர் மிக அருகில் தெரிந்தது. கூச்சம் காதுவரை ஏறியது. ஆனாலும் தொகையைச் சொன்னான். சுற்றி வளைக்காமல், குறைக்காமல் சொன்னான்.

“அவ்வளவா!”

அது கிசுகிசுப்பு இல்லை. குளத்தின் மறுகோடிக்குப் போகிற சத்தம்.

குறட்டை நின்றது. கட்டில் கிரீச்சிட்டது. மாமா கைலியைக் கட்டிக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்தார். மைத்துனனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அவர்களுக்குப் பின்னால் சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தார்.

“ஜன்னல் எங்க?” என்றார்.

“இங்கதான் மாமா. சாத்தி வெச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

“கார்டு நம்பர் பாக்க.”

மாமா கண்ணைக் கசக்கினார். இராக்காவல்காரர் பலவற்றைப் பார்த்தவர். மேற்கொண்டு கேட்கவில்லை. “வந்தியே, அதுவே போதும். உங்க அக்கா ஒரு வருஷமா அந்தக் கண்ணாடிய என்னத் தொடவே விடல. தொடைக்கப் போனா விரலடையாளம் விழும்னு திட்டுவா. தம்பி போட்ட கண்ணாடியாம்.”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் அக்கா.

அவன் பெட்டியிலிருந்து ரப்பர் சக்கைகளை எடுத்தான். இந்தமுறை மறக்காமல் கொண்டுவந்திருந்தான். மாமா கண்ணாடியை ஒருபக்கம் பிடித்துக்கொள்ள, சட்டத்தில் ஏற்றிப் பட்டை அடித்தான். இனி சத்தத்துக்குப் பயமில்லை. அக்கா டீ கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் அவன் வழக்கமான பஸ்ஸில் கடைக்குப் போனான். செருப்புக்கடை ஒன்றுக்கு அலமாரித் தட்டுகள் அறுத்தான். ஒரு தட்டு கோணலாக உடைந்தது, முதலாளி முணுமுணுத்தார். முற்பகலில் மனைவி மருந்துக்கடையிலிருந்து வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு அவனுக்குச் செய்தி அனுப்பினாள். அதற்காகக் கடைசித் தவணைப் பணத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. அக்கா நீச்சல்குளத்துக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் இறங்கி, பிரிட்ஜ் பாக்கியில் முதல் தொகையை மனைவியிடம் கொடுத்தாள். ஓர் இருமல் மருந்தும் வாங்கி, விலையைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டாள். மனைவி குறைக்கவில்லை. சாயங்காலம் சலூன்காரர் துண்டை உதறினார். வெட்ட ஒன்றும் இல்லை என்று அவன் சொன்னான். உட்காருங்கள் என்றார், உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்தபோது வாளியில் துணி ஊறியிருந்தது. அன்றைக்குத் துவைக்கும் முறை அவனுடையது. துவைத்துக் காயப்போட்டான்.